ஏகமனதாகப் பாக்கலாங்க

பண்ணாரி அம்மன் மேல் ஆணை. காலையில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக நான் முழுங்குகிற பிரஷர் மாத்திரை மேலும் ஆணை. கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. எழுபத்து நாலு வயதில் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. எந்த ஊராட்சி ஒன்றியம் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். பெரியநாயக்கன்பாளையம் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டில் எதிர்ப்படுகிறவர்களில் பாதிப் பேர் எனக்குச் சம்பந்தி முறை. மீதிப் பேரிடம் நான் ஓட்டுக் கேட்டிருக்கிறேன்.

நடந்தது 2025 மார்ச் மாதம். எங்கள் ஒன்றியக் குழுவில் கவுன்சிலர்கள் பன்னிரண்டு பேர். நான் ஏழாவது வார்டு. ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளைப் பொறுத்தவரை வேலைப் பங்கீடு சுலபமானது. வாத்தியார்களுக்குச் சம்பளம் சர்க்கார் கொடுக்கும். அவர்கள் தலைக்கு மேலே இருக்கிற கூரையை நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தப் பள்ளிக்கு எவ்வளவு, எது முந்தி எது பிந்தி என்பதையெல்லாம் குழு கூடி, பொருள் எண் போட்டு, தீர்மானம் எழுதினால்தான் பொது நிதியிலிருந்து பணம் நகரும்.

எங்கள் சேர்மன் பொங்கியண்ணன் மோட்டார் பம்புக்கு வார்ப்பு வார்க்கும் பட்டறை வைத்திருப்பவர். நூற்றுப் பதினெட்டுக் கிலோ எடை, அத்தனையும் மரியாதை. பட்டறையில் புகுந்த திருடனிடம் 'தண்ணி குடிக்கறீங்களாங்க' என்று கேட்டதில், அவன் வெட்கப்பட்டு மறுநாள் முதல் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். இன்று அவன்தான் ஃபோர்மேன். பொங்கியண்ணன் வாயிலிருந்து 'முடியாது' என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. அவருடைய சம்சாரமும் கேட்டதில்லை.

'முடியாது' என்று சொல்லாமல் எப்படி ஒன்றியம் நடத்துவது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். அதற்குத்தான் எங்களிடம் 'பாக்கலாங்க' இருக்கிறது. யாராவது வந்து ஒன்று கேட்டு, நாங்கள் 'பாக்கலாங்க' என்றால் ஆகாது என்று அர்த்தம். 'பாத்துக்கலாங்க' என்றால் நிச்சயமாக ஆகாது. 'கண்டிப்பா பாக்கலாங்க' என்றால் இனி இந்தப் பக்கம் வரவேண்டாம். கேட்டவருக்கும் இது தெரியும். சிரித்துக்கொண்டே காபி குடித்துவிட்டுப் போய்விடுவார். ஒருவர் மனசும் நோகாது.

அன்றைய கூட்டத்தில் பொருள் எண் பதினாலு, நொச்சிக்காட்டுப்புதூர் ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்குக் கூரை மாற்ற ஏழு லட்சம். பொருள் எண் பதினைந்து, எங்கள் கூட்ட அரங்குக்கு ஏசி, அதற்குத் தகுந்த வயரிங், பொய்க்கூரை. பொது நிதியில் இருந்த பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் காணும். இரண்டு கூரைகளில் எது என்பதுதான் கேள்வி.

நொச்சிக்காட்டுப்புதூர்ப் பள்ளி ஓட்டுக் கட்டடம். மலையடிவாரத்து மயில்கள் வந்து குதித்துக் குதித்து ஓடுகளை உடைத்துவிட்டன. தேசியப் பறவை என்பதால் விரட்டவும் பயம். இன்ஜினியர் வந்து பார்த்து, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது கூரை இப்படியே இருந்தால் பள்ளியைப் பூட்டி, பிள்ளைகளை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கு மாற்றிவிட வேண்டும் என்று எழுதிவிட்டார். அந்த ரோட்டில் லாரிக்குப் பின்னால் லாரி. என் சகலை மூன்று வருடத்துக்கு முன் டீ குடிக்க அந்தப் பக்கம் போனவர், ரோட்டைக் கடக்க முடியாமல் அங்கேயே ஒரு வீடு பார்த்துக் குடியேறிவிட்டார்.

தலைமையாசிரியை லோகப்பிரியா மனுவோடு வந்து கூட்ட அரங்கின் வாசலில் நின்றது. முப்பத்தைந்து வயது இருக்கும். ஒன்பது வருடமாக அந்தப் பள்ளியில் அந்த அம்மணி ஒன்றுதான் தலைமை, ஆசிரியை, மணி அடிப்பவர் எல்லாம்.

"பத்தொம்பது குழந்தைங்க படிக்கறாங்க. அதுல பதினொண்ணு மில்லுக்கு வேலைக்கு வந்த ஒடிசா, பீகார்க்காரங்க குழந்தைங்க. ஊட்டுல ரெண்டு பேரும் ஷிப்டுக்குப் போயிர்றாங்க. ரோட்டத் தாண்டிக் கூட்டிட்டுப் போக ஆளில்லீங்க. பள்ளிக்கூடத்தப் பூட்டுனா அந்தப் பதினொண்ணும் நின்னுபோயிருமுங்க" என்றது.

சேர்மன் நெற்றி வேர்வையைத் துடைத்தார். துண்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மூன்றாம் வார்டு அம்புஜம், அஜெண்டா தாளால் விசிறிய விசிறலில், அதில் அச்சடித்திருந்த எழுத்துகளே பறந்துபோய் வெறும் தாள் மட்டும் கையில் இருந்தது.

"பாக்கலாங்க அம்மணி" என்றார் சேர்மன்.

"பாக்கலாங்க" என்றது அம்புஜம்.

வரிசையாகப் பன்னிரண்டு பேரும் சொன்னோம். நானும் சொன்னேன். ஏழாவது வார்டுக்கும் வேர்க்கும்.

லோகப்பிரியா இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த பெண். அதற்குப் புரிந்துவிட்டது. மனுவை நாலாக மடித்தது. "வாரேனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டது. படியிறங்கும்போது ஒரு தடவை நின்று மூக்கைச் சிந்தியது என் காதில் விழுந்தது. வயசானவன் காதில் இதெல்லாம்தான் விழும்.

அடுத்து பதினைந்தாம் பொருளை எடுத்தோம். அதற்குள் கரண்ட் போய்விட்டது. ஏசியைப் பற்றிப் பேச முடியாத அளவுக்குப் புழுக்கம். கூட்டத்தைத் தள்ளிவைத்தோம்.

எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்திருக்கும், தீர்மானம் எழுதுகிறவர் பழைய ஆளாக இருந்திருந்தால். அந்த வாரம்தான் மேலப்பாளையத்திலிருந்து மாற்றலாகி நாகூர் மீரான் என்ற உதவியாளர் வந்து சேர்ந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கம். காதில் விழுந்ததை எழுதுவார், எழுதினதில் ஒரு ஒற்றுப் பிழை இருக்காது. மாலையில் தீர்மானப் புத்தகத்தைச் சேர்மனிடம் கொண்டுபோய் நீட்டினார். பொங்கியண்ணன் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை. எழுதினவர் எதிரே நிற்கும்போது படித்துப் பார்த்தால் அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் அல்லவா?

திங்கட்கிழமை காலை சேர்மன் எனக்கு போன் போட்டார்.

"ஏனுங் மாமா, தீர்மான நகல் வந்துதுங்களா?"

"இன்னும் பிரிக்கலீங்களே மாப்ள."

"பிரிச்சுப் படிங்க. படிச்சுப்போட்டு உக்காந்துக்குங்க."

பிரித்துப் படித்தேன். 'பொருள் எண் 14 மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்பட்டது. உறுப்பினர்கள் பன்னிரண்டு பேரும் பார்க்கலாம் எனத் தெரிவித்தபடியால், வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மன்றம் முழுவதும் மேற்படி பள்ளிக்கு நேரில் சென்று பார்ப்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.'

நான் அலுவலகத்துக்குப் போனபோது சேர்மன் மீரானைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல்.

"தம்பி, எழுத்து முத்து முத்தா இருக்குதுங்க. அதுல ஒரு குத்தமும் இல்லீங்க. அந்தப் 'பாக்கலாங்க'ங்கிறதுதான்..."

"ஏன் சார், நீங்க சொல்லலையா?"

"சொன்னனுங்க."

"மன்றத்தின் பார்வைக்குன்னு வச்சோம். பாக்கலாம்னு சொன்னீங்க. அப்போ பாக்கத்தானே சார் போகணும்?" மீரான் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. வேற என்னத்த எழுதச் சொல்லுதீங்க?"

தீர்மானத்தை ரத்து செய்ய இன்னொரு கூட்டம் போடவேண்டும். அதில் யாராவது ஒருவர் எழுந்து 'பார்க்க வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு பேருக்கும் போன் போட்டுக் கேட்டோம். ஒருவருக்கும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. இரண்டாம் வார்டுக்காரர் தனியாகத் தோட்டத்துக்குப் போய்ப் பயிற்சி செய்து பார்த்தார். 'வே' வரைக்கும் வந்ததாம். அதற்கு மேல் விக்கல்.

ஆகவே வியாழக்கிழமை மூன்று காரில் நொச்சிக்காட்டுப்புதூர் போனோம். மீரான் தீர்மானப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் வந்தார். லோகப்பிரியா வாசலில் நின்று கும்பிட்டது. முகத்தில் நம்பிக்கையும் இல்லை, நம்பாமலும் இல்லை. தபாலில் நகல் வந்ததிலிருந்து தூங்கவில்லை என்று கண் சொன்னது.

"வாங்க, வாங்க. உள்ள வாங்க. நாற்காலி ரெண்டுதானுங்க இருக்குது. மத்தவங்க பெஞ்சுல உக்காந்துக்குங்க."

நாற்காலியில் சேர்மன்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். மரியாதைக்காரர் அல்லவா? ஒன்றை அம்புஜத்துக்கும் இன்னொன்றை எனக்கும் கொடுத்துவிட்டு, ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் தன்னைச் செருகிக்கொண்டார். பெஞ்சும் மேசையும் ஒன்றாக வெல்டிங் செய்த இரும்புச் சாமான். அவருடைய பட்டறையே நன்கொடையாகச் செய்து கொடுத்தது. நல்ல வேலைப்பாடு.

பிள்ளைகள் பத்தொன்பது பேரும் எழுந்து, "வணக்கமுங்க" என்றார்கள். ஒடிசாப் பிள்ளைகளின் 'ங்க' எங்கள் 'ங்க'வைவிட அரை மாத்திரை நீளமாக இருந்தது.

உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆகியிருக்காது, கோடை மழை பிடித்துக்கொண்டது. லோகப்பிரியா மணியை ஒரு தடவை அடித்தது. பிள்ளைகள் பையோடு எழுந்து, ஆளுக்கு ஒரு இடமாகப் போய் நின்றார்கள். ஒருவன் அலமாரிக்கு அடியில், ஒருத்தி கரும்பலகைக்குப் பின்னால். ஒருவர் மேலும் சொட்டு விழவில்லை. பன்னிரண்டு கவுன்சிலர்கள் மேல் மட்டும் விழுந்தது.

"எங்க எங்க ஒழுகும்னு அவங்களுக்கு மனப்பாடமுங்க" என்றது லோகப்பிரியா. "மொத்தம் நாப்பத்தாறு ஓட்டை. ரெண்டாப்புக் குழந்தைங்களுக்குக் கூட்டல் கழித்தல் அதுலதான் சொல்லிக் குடுக்கறனுங்க."

சுபத்ரா என்ற இரண்டாம் வகுப்புப் பெண், மில்லில் நூல் ஓட்டுகிற ஒடிசாக்காரரின் மகள், சேர்மன் பக்கத்தில் வந்து நின்று உச்சியைப் பார்த்தது. "ஐயா, தலைய இந்தப் பக்கம் சாச்சுக்குங்க. இப்ப நாப்பத்தேழாவது வருமுங்க" என்றது. அவர் சாய்ந்தார். அவர் தலை இருந்த இடத்தில் தண்ணீர் விழுந்தது. கூடவே ஒரு மயிலும் விழுந்தது. அது உதறிக்கொண்டு எழுந்து, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நடந்து வெளியே போனது. இதில் எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான், ஆனால் சத்தியம் செய்திருக்கிறேன்.

"சரிங்க, பாத்தாச்சு, கெளம்பலாங்களா?" என்று அம்புஜம் எழுந்தது. புடவை முந்தானையைப் பிழிந்தால் ஒரு குடம் தேறும்.

எல்லோரும் எழுந்தோம். சேர்மன் எழவில்லை.

"என்னங்ணா?"

"ஒண்ணுமில்லீங்க. நீங்க போங்க. நான் இப்படியே கொஞ்சம் உக்காந்துட்டு வாரேன்."

விஷயம் எனக்குப் புரிந்தது. பெஞ்சு விடவில்லை. நாலு பேர் தோளைப் பிடித்து இழுத்தோம். ஆள் வந்தால் பெஞ்சும் வந்தது. சத்துணவு ஆயா சமையல் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார். வழுக்கி இன்னும் உள்ளேதான் போனார்.

"மாப்ள, பட்டறையில ஆளக் கூப்ட்டு அறுத்துப்போடலாங்க" என்றேன்.

"அறுக்க முடியாது அண்ணாச்சி" என்றார் மீரான். "பெஞ்சு ஒன்றியத்துச் சொத்து. மன்றத் தீர்மானம் வேணும்."

"மன்றம் எல்லாம் இங்கதான இருக்குது!" என்று சீறியது அம்புஜம்.

"ஆமா மேடம். கூட்டத்துக்கு வேண்டிய கோரம் இருக்கு. புத்தகமும் இருக்கு. கூட்டத்தை இங்கயே நடத்திரலாம்." மீரான் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார். "ஆனா பெஞ்சு புதுப் பொருள். பதினாலு ஏற்கனவே நிலுவையில நிக்குது. அத முடிக்காம அடுத்ததுக்குப் போகப்பிடாது."

எல்லோரும் சேர்மனைப் பார்த்தோம். சேர்மன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கண்ணில் சொட்டியது.

அப்போது லோகப்பிரியா முன்னால் வந்தது. நாலாக மடித்த மனு கையில் இருந்தது. குரல் நடுங்கவில்லை.

"ஏனுங்க சேர்மன் ஐயா. பாக்கலாம்னு சொன்னீங்க. வந்துட்டீங்க. அதுக்கே நாங்க நன்றி சொல்லோணும். இப்ப..." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டது. "பாத்துட்டீங்களாங்க?"

பொங்கியண்ணன் வாயைத் திறந்தார். மூடினார். அவர் படும் பாடு எனக்குத் தெரிந்தது. 'பாக்கலாங்க' என்று சொல்ல முடியாது, அதுதான் பார்த்துக்கொண்டிருக்கிறாரே. இல்லை என்பதற்கு எங்களிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான், அதை இந்தப் பெண் எங்கள் கையிலிருந்து மரியாதையாக வாங்கிக்கொண்டுவிட்டது. அவருடைய உதடு அசைந்ததைப் பார்த்தேன். அறுபது வருடத்துப் பேச்சில் வேறு ஒரு மறுப்புச் சொல் எங்கேயாவது கிடக்கிறதா என்று தேடினார்.

"பாத்துட்டனுங்க அம்மணி" என்றார் கடைசியில்.

"அப்ப, செஞ்சு குடுத்தர்றீங்களாங்க?"

சேர்மன் சுற்றிலும் பார்த்தார். அலமாரிக்கு அடியில் நின்ற பையனை, கரும்பலகைக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்த பெண்ணை. சுபத்ரா தன்னுடைய பிளாஸ்டிக் தட்டை அவர் தலைக்கு மேல் எக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் நனையக்கூடாது என்று. தட்டுப் பிடித்த அந்தச் சின்னக் கையில் தண்ணீர் வழிந்து முழங்கைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இந்தக் குழந்தைங்க அந்த ரோட்டத் தாண்டோணுமா?" என்றார். ஒருவரிடமும் கேட்கவில்லை. பிறகு, "ஆகட்டுங்க" என்றார்.

சத்தம் சின்னதுதான். ஆனால் பட்டறையில் உருக்கு ஊற்றும்போது வருகிற மாதிரி ஒரு பெருமூச்சு அதன் பின்னால் வந்தது. 1996-இல் முதல் தடவை வார்டு மெம்பரானதிலிருந்து உள்ளே பிடித்துவைத்திருந்த மூச்சு என்று நினைக்கிறேன். அந்த மூச்சு வெளியே போனதும் ஆள் நாலு அங்குலம் இளைத்தார். பெஞ்சிலிருந்து தானாக எழுந்து நின்றார். அறுக்கிற வேலையே இல்லாமல் போயிற்று.

"ஆகட்டுங்க" என்றேன் நான். இரண்டாம் வார்டுக்காரர் சொன்னார், விக்கல் நின்றது. பதினோரு பேர் சொல்லியாயிற்று. அம்புஜம் மட்டும் பாக்கி.

"எல்லாரும் என்னயப் பாக்கறீங்க? நானென்ன கல்லுங்களா?" என்றது. "ஆகட்டுங்க. ஆனா ஓடு போடப்படாது. மயிலு திரும்ப ஒடைக்கும். கான்கிரீட் போடுங்க. கக்கூஸுக்கும் சேத்து எழுதுங்க தம்பி. பொட்டப்புள்ளைங்க எங்க போகும்?" சொல்லி முடித்துவிட்டுச் சேர்மன் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டது: "அப்ப நம்ம ஏசிங்ணா?"

"பாக்கலாங்க" என்றார் சேர்மன்.

மீரான் பேனாவைத் தூக்கினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பத்து நாளில் ஆள் பாஷை படித்துவிட்டார். 'பொருள் எண் 15 நிராகரிக்கப்பட்டது' என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டார்.

லோகப்பிரியா பிள்ளைகளை உட்காரச் சொல்லிவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கனவே துடைத்திருந்த பலகையை ரொம்ப நேரம் துடைத்தது.

ஏப்ரலில் ஓடு இறங்கியது. மே கடைசியில் கான்கிரீட் காய்ந்தது. ஜூனில் பள்ளி திறந்த அன்று நான் போயிருந்தேன். இருபத்தாறு பிள்ளைகள். மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏழு பேர் இந்தப் பள்ளிக்கு மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். என் சகலைதான் லாரிகளை நிறுத்திப் பிள்ளைகளை ரோட்டைத் தாண்டவிட்டாராம். புதுக் கழிப்பறைச் சுவரில் பெயின்ட் வாசம். மழை வந்தது. லோகப்பிரியா பழக்கதோஷத்தில் மணியை அடித்தது. பழைய பிள்ளைகள் பத்தொன்பது பேரும் எழுந்து அலமாரிக்கு அடியிலும் பலகைக்குப் பின்னாலும் ஓடினார்கள். கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். ஒன்றும் சொட்டவில்லை. ஒவ்வொருவராக வெளியே வந்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டு, நடு அறையில் நின்றார்கள்.

கோவை மாவட்டத்து ஊராட்சி ஒன்றியக் கவுன்சிலர்கள் அத்தனை பேருடைய பதவிக்காலமும் 2025 ஜனவரி ஐந்தாம் தேதியோடு முடிந்துபோனது. அந்த மார்ச் மாதத்தில் மாவட்டத்தின் எந்த ஒன்றியத்திலும் கவுன்சிலர் என்று ஒருவரும் கிடையாது, ஏழாவது வார்டு நான் உட்பட.